கீழ்வீட்டுக் கலர்காரர்

அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு வரி தாண்டுவதற்குள் எரிச்சல் வந்துவிட்டது. சிலரை நினைத்தாலே அப்படித்தான். ஆள் ஊரைவிட்டுப் போய் ஏழு வருஷம் ஆகப்போகிறது, எனக்கு இன்னும் பல்லிடுக்கில் பாக்குத்தூள் மாட்டிக்கொண்ட மாதிரியே இருக்கிறது.

திருமுல்லைவாயிலில் நாங்கள் மாடி வீட்டுக்குக் குடிவந்த அன்று, பால் காய்ச்சி முடித்த கையோடு கீழ்வீட்டிலிருந்து ஒருவர் ஏறி வந்து வாசலில் நின்றார். ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். அரைக்கைச் சட்டை. சட்டைப் பையில் விசிறி மாதிரி விரிகிற ஒரு கலர் அட்டைக் கட்டு. என் கணவர் “வாங்க சார்” என்று பால் தம்ளரை நீட்டினார். அவர் தம்ளரைக் கவனிக்கவே இல்லை. ஹால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா தம்பி, ஊட்டுக்காரரு ஆலுக்கு ரெண்டு டப்பா பெயிண்ட் அடிச்சிக்கீறாரா?”

“தெரியலையே சார். ஏன்?”

“ரெண்டும் வேற வேற பேட்ச்சு. இந்தச் செவுரு ஒரு மாரி கீது, அந்தச் செவுரு ஒரு மாரி கீது. ஜன்னல தொற, நீயே பாப்ப.”

திறந்தோம். பார்த்தோம். அதுவரை எங்கள் கண்ணுக்கு ஒரே நிறமாக இருந்த சுவர் அன்றோடு இரண்டானது. நாங்கள் அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க, சாப்பிட உட்கார்ந்தால் என் கண் அந்த மூலைக்குத்தான் போகும். காலண்டர் மாட்டிப் பார்த்தோம். காலண்டருக்கு மேலேயும் கீழேயும் அந்தக் கோடு தெரிந்துகொண்டுதான் இருந்தது. பாலையாவது குடித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம் மனுஷர்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பவுடர் கோட்டிங் கம்பெனியில் அவருக்கு வேலை. ஃபேன் மூடி, பீரோக் கதவு, வண்டி பாகங்கள் எல்லாம் கொக்கியில் வரிசையாகத் தொங்கும். கலர்ப் பொடி அடித்து, பெரிய அடுப்புக்குள் அனுப்பி, சுட்டு வெளியே எடுப்பார்கள். அப்படி வருவதைக் கையில் எடுத்து, ஆர்டர் கொடுத்தவர் தந்த மாதிரித் துண்டோடு ஒட்டி வைத்துப் பார்த்து, ‘ஓகே’ என்றோ ‘ரிஜெக்ட்’ என்றோ சொல்வதுதான் இவர் வேலை. இருபத்தெட்டு வருஷமாக அதையேதான் செய்துகொண்டிருந்தார். அங்கே இவர் ரிஜெக்ட் என்றால் முதலாளிகூட மறுபேச்சு பேச மாட்டாராம். கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்த பிறகும் அந்த வேலையை விடமாட்டேன் என்று அடம்பிடித்ததுதான் எங்கள் தெருவின் தலைவலி. தெருவில் யாரும் அவர் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை. கலர்காரர், அவ்வளவுதான்.

மாங்காட்டில் என் சித்தப்பா மகள் கல்யாணம். பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, நகை போட்டு, கணவர் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். கேட்டில் நின்றிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ரவிக்க கொஞ்சம் செவப்பு ஜாஸ்திமா. கடையில ட்யூப்லைட்ல வச்சிப் பாத்தியா?”

“மேட்சிங் சென்டர்லதான் அங்கிள் எடுத்தேன்.”

“அவன் உள்ள வச்சிதான் காட்டுவான். ட்யூப்லைட்ட நம்பாத. எந்தப் பொருளா இருந்தாலும் வெளிச்சத்துக்கு எத்துகினு வந்து பாக்கணும்.”

மேலே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தேன். நாங்கள் மண்டபத்துக்குள் நுழையும்போது தாலி கட்டி முடித்து எல்லோரும் பந்திக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். என் கணவர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நான் அந்த மாதம் முழுக்க கலர்காரரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அவர் மனைவியிடம் ஒருதரம் கேட்டேவிட்டேன், எப்படிம்மா இவரோடு குடும்பம் நடத்துகிறீர்கள் என்று. அந்த அம்மா அலுத்துக்கொண்டார்: “ஒனக்கு வாரத்துக்கு ரெண்டு தபா. எனுக்கு முப்பது வருசம்மா. கொழம்பு ஊத்துனா தட்ட ஜன்னலாண்ட எத்துகினு போறாரு. மொளகாத்தூளு மாத்திட்டியான்னு கேக்கறாரு. மாத்திதான் இருப்பேன், அது வேற விசயம்.”

அதுதான் இன்னும் கோபம். தப்பாகச் சொல்லித் தொலைத்தாலாவது சிரித்துவிட்டுப் போகலாம். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை சரியாக இருக்கும். ‘இருக்கலாம்’, ‘அப்படித் தோணுது’ என்கிற பேச்சே அவரிடம் கிடையாது. நிறம் என்று வந்துவிட்டால் கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரிதான் சொல்வார்.

நான் உண்டானதும் என் மாமியார் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து பெட்டியோடு வந்துவிட்டார். எனக்கு அம்மா இல்லை. பிரசவம் பார்ப்பது, பத்தியம் போடுவது எல்லாம் அத்தையின் பொறுப்பு. மனசு தங்கம், வாய் மட்டும் பட்டாசு. யாரோ தெரிந்தவர் மூலமாக ஒரு டப்பா குங்குமப்பூ வாங்கி வைத்துக்கொண்டு, தினமும் ராத்திரி பாலில் போட்டுக் கொடுப்பார். பேரப்பிள்ளை நிறமாகப் பிறக்க வேண்டும் என்று ஆசை. ஒருநாள் அந்த டப்பாவை அத்தை வாசற்படியில் வைத்துவிட்டு யாரோடோ பேசிக்கொண்டிருந்தபோது கலர்காரர் எடுத்துப் பார்த்துவிட்டார். ஒரு இழையைத் தண்ணீரில் போட்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“இது பூவு இல்லம்மா. சாயம் முக்குன நாரு.”

தெருவே கேட்டது. அத்தைக்கு மானம் போய்விட்டது. “உன்னை எவன்யா கேட்டான்? கம்பெனி வேலையைக் கம்பெனியில வச்சுக்கோ” என்று கத்திவிட்டு, அன்றோடு அவரோடு பேச்சை முறித்துக்கொண்டார். அதற்குப் பிறகும் அதே டப்பாவிலிருந்துதான் எனக்குப் பால் வந்தது. வீம்புக்கு இரண்டு இழை அதிகமாகவே வந்தது.

முப்பத்தைந்தாவது வாரம் திடீரென்று பனிக்குடம் உடைந்து பையன் பிறந்துவிட்டான். இரண்டு கிலோ இருநூறு கிராம். மெஷின் எதுவும் வைக்கவில்லை, என் பக்கத்திலேயே கிடந்தான். கை, கால், நகம் எல்லாம் முழுசாக இருந்தது. எட்டு மாதத்துக் குழந்தை என்று நான் போனில் யாரிடமோ சொல்லிவிட்டேன். அத்தை போனைப் பிடுங்காத குறை. “எட்டுன்னு வாயால சொல்லாத. எட்டு முடிஞ்சு ஒம்போது பொறந்தாச்சு. ஒம்போதாம் மாசப் புள்ள.” ஏழாம் மாதக் குழந்தை தப்பிக்கும், எட்டாம் மாதக் குழந்தைதான் ஆகாது என்று அவருக்கு யாரோ எந்தக் காலத்திலோ சொல்லிவைத்த பயம். அதனால் விசாரித்த எல்லோருக்கும் ஒன்பதாம் மாதம் என்றே சொன்னோம். சொல்லிச் சொல்லி, ஐந்து வாரம் முன்னால் வந்த குழந்தை என்பது எங்களுக்கே மறந்து போனது.

ஆஸ்பத்திரியில் மறக்கவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னார். “பார்க்க முழுசா வளர்ந்த குழந்தை மாதிரி இருப்பான், ஏமாந்துடாதீங்க. பசிச்சா எழுந்து அழற தெம்பு இன்னும் வரலை. தூங்கினாலும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எழுப்பிப் பால் கொடுக்கணும். இந்தக் குழந்தைங்களுக்கு மஞ்சள் காமாலை சீக்கிரம் ஏறும். நாளை மறுநாள் கண்டிப்பா கொண்டுவந்து காட்டுங்க.”

தலையை ஆட்டிவிட்டு வந்தோம். நாளை மறுநாள் அஷ்டமி. அதற்கு மறுநாள் நவமி. பச்சைக் குழந்தையை அஷ்டமி நவமியில் வெளியே தூக்கிப் போகக் கூடாது, தசமியன்று போகலாம் என்று அத்தை சொன்னார். இரண்டு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்று என் கணவர் சொன்னார். நானும் சரி என்றேன். எனக்கு உட்காரவே முடியாத வலி. தூக்கம் வேறு இல்லை. படித்தவள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவள், மறுபேச்சுப் பேசாமல் சரி என்றேன்.

குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தான். அழவே மாட்டான். வந்து பார்த்தவர்கள் எல்லோரும், தங்கமான பிள்ளை, அம்மாவைப் படுத்தவே மாட்டேன் என்கிறான் என்றார்கள். தூங்குகிற குழந்தையை எழுப்பினால் அத்தைக்குப் பொறுக்காது. நான் தொட்டு எழுப்பினாலும் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு மறுபடி தூங்கிவிடுவான். அறையில் ஜன்னலுக்கு இரட்டைத் திரை. கண் கூசக் கூடாது என்று மஞ்சள் வெளிச்சம் தருகிற சின்ன பல்பு ஒன்று இரவும் பகலும் எரியும். அந்த வெளிச்சத்தில் பையன் பளபளவென்று இருந்தான். அத்தைக்குப் பூரிப்பு தாங்கவில்லை. “பாத்தியா? நாருன்னான் அந்த ஆளு. குங்குமப்பூ எப்படி வேலை செஞ்சிருக்குன்னு பாரு.”

அஷ்டமியன்று காலை அத்தை நாட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தார். கணவர் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். காலிங் பெல் அடித்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். கையில் எங்களுக்கு வந்த கூரியர் பார்சலோடு கலர்காரர் நின்றிருந்தார். பார்சலை என்னிடம் கொடுக்கவில்லை. குழந்தையையே பார்த்தார்.

“புள்ள மூஞ்சி மஞ்சாவா கீதும்மா.”

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ. என் பையனுடைய முதல் ஐந்து நாளில் இந்த ஆள் வந்து குற்றம் கண்டுபிடிக்க வேண்டுமா?

“நல்ல நிறமா வர்றான்னுதான் அங்கிள் எல்லாரும் சொல்றாங்க.”

“எல்லாரும் எந்த லைட்ல பாத்தாங்கோ?”

பார்சலை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். அத்தை வந்ததும் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் மறுபடி குங்குமப்பூச் சண்டை ஆரம்பிக்கும். இருக்கிற வலி போதும் என்று விட்டுவிட்டேன்.

நவமியன்று அத்தை குளிக்கப் போன நேரமாகப் பார்த்து மறுபடி பெல். பால்கனியில் துணி காயப்போட அத்தை வரவில்லை, இன்னும் குளித்து முடிக்கவில்லை என்று அதை வைத்துக் கணக்குப் போட்டு ஏறி வந்திருக்கிறார்.

“அம்மா, கோச்சிக்காத. புள்ளையோட வயித்த ஒரே ஒரு தபா காட்டு. நேத்து மூஞ்சியில இருந்திச்சு. இன்னிக்கி நெஞ்சு, வயிறுன்னு எறங்கியிருக்கும். மேல அடிச்ச பெயிண்ட் கீழ வழியிற மாரி வருது அது.”

“அங்கிள், இது பீரோக் கதவு இல்ல. என் குழந்தை. ரிஜெக்ட் பண்றதுக்கு வேற எதையாவது பாருங்க.”

கதவை அறைந்து சாத்தினேன். அறைந்த சத்தத்தில்கூட குழந்தை அசையவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் மட்டும் வந்தது. “புள்ளைய கொற சொல்லலமா. வெளிச்சத்துல வச்சி ஒரு தபா பாரு, அவ்ளோதான்.” கொஞ்ச நேரம் கழித்துச் செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது.

சாயங்காலம் மனசு கேட்காமல் குழந்தையின் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தேன், அதே பல்பின் வெளிச்சத்தில். மஞ்சளாகத்தான் இருந்தது. படுக்கை விரிப்பும் மஞ்சளாக இருந்தது, என் கையும் மஞ்சளாக இருந்தது. எல்லாம் பல்பின் வேலை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். எழுந்து நாலடி நடந்து திரையை விலக்கியிருக்கலாம். நான் விலக்கவில்லை. அந்த ஆள் சொன்னதைச் செய்வதா என்கிற வீம்பு அத்தைக்கு மட்டுமா இருந்தது?

தசமி காலை பால் கொடுக்க எடுத்தபோது வாய் திறந்தான், உறிஞ்சவில்லை. பால் கடைவாயில் வழிந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன். முகம் சுளிந்ததே தவிர அழுகை வரவில்லை. கை, கால் எல்லாம் துவண்டு கிடந்தது. வெள்ளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினேன். அப்போதுதான் வெயில் வந்திருந்தது. துண்டு வெள்ளையாக இருந்தது. என் பையன் கால்விரல் வரைக்கும் மஞ்சளாக இருந்தான்.

நான் போட்ட கூச்சலில் முதலில் வெளியே வந்தது கலர்காரர்தான். லுங்கியோடு மெயின் ரோட்டுக்கு ஓடி ஆட்டோவைக் கூட்டி வந்தார். பின்னால் நானும் அத்தையும் குழந்தையும். டிரைவர் சீட்டில் ஒட்டிக்கொண்டு அவர். சண்டை போட அத்தைக்கே அப்போது தெம்பில்லை. போகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பி, “காலச் சுண்டுமா, தூங்க உடாத” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா குழந்தையின் மூக்கு நுனியை, நெஞ்சை, பாதத்தை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். அதற்குள் என் கணவரும் யூனிஃபார்மோடு கம்பெனியிலிருந்து வந்துவிட்டார்.

“மஞ்சள் எப்ப இருந்து இருக்கு?”

“இன்னைக்குக் காலையிலதாங்க பாத்தோம்” என்றார் அத்தை. அவருக்குத் தெரிந்தது அதுதான்.

“இல்ல மேடம்” என்று கதவோரம் நின்றிருந்தவர் சொன்னார். “முந்தாநேத்து மூஞ்சியில. நேத்து வயித்துக்கு வந்திருக்கும். இன்னிக்கி கால்ல கீது.”

டாக்டரம்மா அவரை ஒருதரம் பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நர்ஸ் உள்ளே போனார், பின்னாலேயே டாக்டரம்மாவும் போய்விட்டார். நாங்கள் நாலு பேர் மட்டும் வராந்தாவில் நின்றோம். என் கணவர் கலர்காரர் பக்கம் திரும்பினார்.

“முந்தாநேத்தே பாத்தீங்களா சார்?”

“ஆமா தம்பி.”

“பாத்துட்டு ஏன் சார் எங்ககிட்ட சொல்லல?”

அவர் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான் இருக்கும். நான் வாயைத் திறந்தேனா, திறக்கவே இல்லையா என்று இன்றைக்கு நினைவில்லை. சத்தம் எதுவும் வரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

“எனுக்கே டவுட்டாதான் இருந்திச்சு தம்பி” என்றார். “வாசல் லைட்ல பாத்தது. கரெக்டா தெரில. சொல்லி உங்கள பயமுறுத்தக் கூடாதுன்னு உட்டுட்டேன். தப்புதான்.”

அவ்வளவுதான், அத்தை பிடித்துக்கொண்டார். “ஊருல இருக்கற செவுத்துக்கெல்லாம் வாய் கிழியப் பேசறியே! ரவிக்கைக்குப் பேசற, டப்பாவுக்குப் பேசற. எங்க புள்ளைக்கு மட்டும் உன் வாயில என்னாய்யா இருந்துச்சு? கொழுக்கட்டையா?” நர்ஸ் வந்து அதட்டுகிறவரை விடவில்லை. கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூரமாகப் போய் நின்றார். கலர்காரர் லுங்கியை மடித்துக் கட்டியபடி, தலையைக் குனிந்துகொண்டு, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரத்தத்தில் மஞ்சள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. சர்க்கரையும் குறைந்திருந்தது. சரியாகப் பால் குடிக்காததால் பிறந்த எடையில் கால் கிலோ இறங்கியிருந்தான். இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் உடம்பு ரத்தத்தையே மாற்ற வேண்டியிருந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. கண்ணைக் கட்டி, நீல வெளிச்சத்துக்கு அடியில் வெறும் உடம்போடு படுக்க வைத்திருந்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, நான் பீய்ச்சிக் கொடுத்த பாலை ஏற்றினார்கள். மூன்று நாள். நாலாம் நாள் அவன் வீறிட்டு அழுதபோது வார்டே கேட்டது. அத்தை அங்கேயே உட்கார்ந்து அழுதார். அனுப்பும்போது டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். மஞ்சள் இவ்வளவு ஏறினால் காதைத் தாக்கலாம். மூன்று மாதம் கழித்துக் காது டெஸ்ட் செய்துதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

அந்த மூன்று மாதத்தை நான் எப்படி ஓட்டினேன் என்று எழுதத் தெரியவில்லை. பாத்திரத்தை வேண்டுமென்றே கீழே போடுவேன். பையன் திடுக்கிட்டால் நிம்மதி. திடுக்கிடாவிட்டால் அன்று சோறு இறங்காது.

இதற்கு நடுவில் கலர்காரரின் தொல்லை. திட்டு வாங்கிய மனுஷர் ஒதுங்கிப் போவார் என்றுதானே நினைப்போம்? தினமும் காலையில் படிக்கட்டுக்குக் கீழே நின்று, “புள்ள இன்னிக்கி எப்டி கீறான்? ஒண்ணுக்கு எத்தினி தபா போனான்?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்துவார். என் கணவர் கதவைச் சாத்திவிடுவார். ஒருநாள் நான் பையனைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினால், “கால் நீலமா கீது! ஆஸ்பத்திரிக்கு ஓடு!” என்று அலறினார். அத்தை எச்சில் தொட்டுத் தேய்த்தார். நீலம் அவர் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. புது சாக்ஸின் சாயம். கலர்காரரும் குனிந்து பார்த்து, “ஆமா, சாயம்தான். மட்டமான சாயம்” என்று சாக்ஸை ரிஜெக்ட் செய்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் தண்ணீர் மோட்டார் போடக் கீழே போனபோது அவரைத் தனியாகப் பிடித்தேன். உண்மையில் எனக்கு அவர் மேல் ஆத்திரம். யார் கேட்டார்கள் அந்தப் பொய்யை? அவர் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால்கூட நானே அழுது சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டார். தினமும் அவர் வாங்குகிற ஒவ்வொரு திட்டும் என் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

“ஏன் அங்கிள் அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க? நீங்க ரெண்டு தடவை வந்து சொன்னீங்கதானே?”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். “நீ பச்ச ஒடம்புக்காரி. அன்னிக்கி ஒன்ன நிக்க வச்சி எல்லாரும் கிழிச்சிருந்தா ஒனக்குப் பாலு சொரக்குமா? அவனுக்கு அப்போ பாலு வோணும். நான் திட்டு வாங்குனா இன்னா, நானா பால் குடுக்கப்போறேன்?” மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு, “ஒடம்பு தேறட்டும். அப்பால நீயே சொல்லிக்க” என்றார்.

இவருக்கும் ஒரு குழந்தை இப்படிப் போயிருக்குமோ, அதனால்தான் இப்படியோ என்று எனக்கும் சந்தேகம் வந்தது. அவர் மனைவியிடம் கேட்டேன். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. இரண்டு பிள்ளைகள், இரண்டும் குண்டாகப் பிறந்து குண்டாக வளர்ந்து ஓசூரில் வேலை பார்க்கின்றன. மனுஷர் சும்மாவே அப்படித்தான்.

காது டெஸ்ட்டில் பையனுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தச் செய்தியை நான் முதலில் சொன்னது அவரிடம்தான், படிக்கட்டில் வைத்து. “ரெண்டு காதும்தானே? ஒரு காது பாத்துட்டு அனுப்பிச்சிடலயே?” என்று கேட்டார். சந்தோஷத்தைக்கூட முழுசாக அனுபவிக்க விடாத ஆள். அன்று ராத்திரி கணவரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அதைக் கெடுப்பானேன் என்று தள்ளிப்போட்டேன். அதற்குப் பிறகு பேர் வைக்கிற விழா. அதற்குப் பிறகு அத்தைக்குக் காய்ச்சல். தள்ளிப்போட ஏதாவது ஒன்று கிடைத்துக்கொண்டே இருந்தது. பையன் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறான். இன்றுவரை சொல்லவில்லை.

கலர்காரர் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு போய் இருக்க முடிவு செய்தபோது பையனுக்கு ஏழு மாதம். வாசலில் டெம்போ நின்றது. பீரோ, கட்டில், பாத்திர மூட்டை எல்லாம் ஏறிவிட்டது. நான் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அவர் அவனை வெயில் படுகிற பக்கமாகத் திருப்பச் சொன்னார். கண்ணின் வெள்ளையைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார்.

“ஓகே” என்றார்.

நான் மெதுவாக, “அங்கிள், நான் இன்னைக்கு அவர்கிட்ட சொல்லிடறேன்” என்றேன்.

“சொல்லு, சொல்லு” என்று கயிற்றை இழுத்துக் கட்டியபடி சொன்னார். பிறகு நிமிர்ந்து, மேலே பால்கனியில் நின்றிருந்த என் கணவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். “வரேன் தம்பி!”

என் கணவர் உள்ளே போய்விட்டார்.

டெம்போ தெருமுனை திரும்புகிறவரை நின்றுவிட்டு, சொல்லிவிட வேண்டும் என்ற முடிவோடுதான் படியேறினேன். கணவர் சோபாவில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். பையன் அவர் குரலைக் கேட்டதும் அந்தப் பக்கம் தாவினான். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அவன் தலையைத் தடவினார்.

“ஒழிஞ்சாரா? தெரிஞ்சும் ரெண்டு நாள் வாயைத் திறக்காம இருந்த ஆளு. போகும்போது கையை வேற ஆட்டறாரு. உனக்கு ஞாபகம் இருக்கில்ல?”

“இருக்கு” என்றேன்.